ஒரு மில்லிமீற்றர்க் குழாயும் முந்நூறு கிலோமீற்றர் வீதியும்

அவயவ மீளமைப்புச் சத்திரசிகிச்சையின் வளர்ச்சியைப் பற்றி வெளிவரும் செய்திகளில் இயந்திரக்கைகளும் முகமாற்றுச் சிகிச்சைகளுமே முன்னால் நிற்கின்றன. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து அதே துறையைப் பார்ப்பவருக்கு அந்த வரிசை வேறாகத் தெரியும். இங்கே சீர்செய்ய வேண்டியிருப்பவை பெரும்பாலும் உழைப்பும் வீதியும் தருகின்ற காயங்கள்: அரிசி ஆலையிலோ மர ஆலையிலோ இயந்திரத்துக்குள் அகப்பட்ட விரல், பெரும்போக அறுவடையின்போது வெட்டு மெசினில் சிக்கிய கை, சட்டவிரோத டைனமைற் மீன்பிடியில் சிதறிய உள்ளங்கை, மோட்டார் சைக்கிள் விபத்தில் தோல் உரிந்து எலும்பு வெளித்தெரியும் கணைக்கால், வயலில் நாகம் தீண்டிச் சதை அழுகிய பாதம். இவற்றோடு வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தின் விளைவான வாய்ப் புற்றுநோயையும், போர் விட்டுச்சென்ற துண்டிக்கப்பட்ட அவயவங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடந்த அறுபது ஆண்டுகால ஆராய்ச்சியில் இந்தக் காயங்களுக்கு உண்மையில் எது உதவுகிறது என்று கேட்டால், விலைகூடிய கருவிகளைவிட, குருதி எந்த வழியாகத் தோலுக்கும் தசைக்கும் போய்ச் சேர்கிறது என்பதையும், அது நின்றுபோனால் எவ்வளவு நேரம் கையிலிருக்கிறது என்பதையும் பற்றிய அறிவே கூடுதலாக உதவியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நுண்சத்திரசிகிச்சையின் அடிப்படை வேலை ஒன்றுதான். அறுந்த குருதிக்குழாயின் இரு முனைகளையும் உட்சுவரில் காயம் படாமல், குருதி உறைந்து அடைக்காத விதத்தில் இணைக்க வேண்டும். பெரிய குழாய்களை இவ்வாறு தைக்கலாம் என்பதை 1902 ஆம் ஆண்டிலேயே பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரல் காட்டினார். குழாயின் வட்ட விளிம்பை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்து, இடைப்பட்ட பகுதிகளைத் தைத்துக்கொண்டு போகும் அவருடைய முறைக்கும், அதையொட்டிய உறுப்புமாற்று ஆய்வுகளுக்கும் 1912 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் விரலின் நாடி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விட்டமுடையது. வெறுங்கண்ணால் அதைத் தைத்து, திறந்த நிலையில் வைத்திருப்பது இயலாத காரியமாகவே இருந்தது. 1960 இல் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் யூலியஸ் யேக்கப்சன், காதுச் சத்திரசிகிச்சைக்குப் பயன்பட்டுவந்த நுணுக்குக்காட்டியின் கீழே சிறு குழாய்களைத் தைத்துக் காட்டிய பின்னரே அந்த எல்லை தளர்ந்தது. கைநடுக்கம் பெரிய தடையல்ல, கண்ணுக்குத் தெரியாததே தடை என்பது அப்போது புரிந்தது. இன்று இவ்வேலைக்குப் பயன்படும் நைலோன் நூலின் தடிப்பு 0.02 முதல் 0.03 மில்லிமீற்றர் வரையே.

அதன் பிறகு நிகழ்வுகள் வேகமாக வந்தன. 1962 இல் பொஸ்ரனில் ரொனால்ட் மோல்ற் தலைமையிலான குழு, துண்டான ஒரு சிறுவனின் முழுக் கையை மீண்டும் பொருத்தியது. அடுத்த ஆண்டு சீனாவின் சங்காயில் சென் சொங்வெய், மணிக்கட்டுக்கு அருகே துண்டான ஒரு தொழிலாளியின் கையைப் பொருத்தினார். 1965 இல் யப்பானின் நாரா நகரில் கொமாற்சுவும் தமாயும் முற்றாகத் துண்டான பெருவிரலொன்றை நுணுக்குக்காட்டியின் உதவியால் உயிர்ப்பித்தனர். 1973 இல் மெல்பேணில் ரெய்லரும் டானியலும் இடுப்பின் கீழ்ப்பகுதித் தோலை அதன் நாடி நாளங்களோடு முழுவதுமாக வெட்டியெடுத்து, காலிலிருந்த காயத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ள குழாய்களோடு இணைத்தனர். உடலின் ஒரு மூலையிலிருக்கும் தோல், தசை, எலும்பு ஆகியவற்றை இன்னொரு மூலைக்கு உயிரோடு மாற்றலாம் என்பது அன்றிலிருந்து வழக்கமான சிகிச்சையாயிற்று.

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி, நேரத்தைப் பற்றியது. குருதியோட்டம் அறுந்த தசை, சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்குமேல் தாங்காது. அதற்குப் பிறகு அதில் குருதியை மீண்டும் ஓடவிட்டால், அழிந்த தசையிலிருந்து வெளியேறும் பொற்றாசியமும் நச்சுப் பொருட்களும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். எனவே முழங்கைக்கு மேலே துண்டான ஒரு கையைத் தாமதமாகப் பொருத்த முயல்வது, கையைக் காக்கப் போய் உயிரை இழப்பதாக முடியலாம். விரலின் நிலை வேறு. விரலுக்குள் தசை இல்லை. அதை அசைக்கும் தசைகள் முன்னங்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன, விரலுக்குள் ஓடுபவை அவற்றின் நாண்களே. தோலும் எலும்பும் நாணும் ஒட்சிசன் இல்லாமல் நெடுநேரம் பொறுத்திருக்கும். அதனால் குளிரூட்டாத விரலுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், முறையாகக் குளிரூட்டிய விரலுக்கு இருபத்துநான்கு மணித்தியாலம் என்று பாடநூல்கள் வகுத்திருக்கின்றன. தாய்வானில் வெய் ஃபூசான் குழுவினர் 1988 இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், குளிரில் வைக்கப்பட்டிருந்த ஒரே நோயாளியின் மூன்று விரல்கள் 84, 86, 94 மணித்தியாலங்களுக்குப் பின்னர் பொருத்தப்பட்டு உயிர்பிழைத்ததைப் பதிவுசெய்தனர். அதை விதியாகக் கொள்ளக்கூடாது. ஆயினும் குளிர் எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு அது சான்று.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீதிவழித் தூரம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நுண்சத்திரசிகிச்சைப் பழக்கமுள்ள பெரிய அலகுகள் பெரும்பாலும் கொழும்பு, கண்டிப் பக்கமே அமைந்திருக்கின்றன. படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றில் காயம்பட்டவர் முதலில் வாவியைக் கடந்து வர வேண்டும். பொத்துவில், திருக்கோவில் பக்கத்தவருக்கு அதற்கு முன்னரே நீண்ட கரையோர வீதி இருக்கிறது. முதலுதவி, குருதி ஏற்றல், எக்ஸ்ரே, மாற்றுவதற்கான ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் ஆறு மணித்தியாலம் என்பது எளிதில் கழிந்துவிடும். அதேவேளை, குளிரூட்டிய விரலுக்குரிய இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் இந்தப் பயணம் தாராளமாக அடங்கும். ஆகவே இப்பகுதியில் துண்டான விரலொன்றின் கதி, கொழும்பில் நிற்கும் நிபுணரின் திறமைக்கு முன்பாக, அது முதல் அரை மணித்தியாலத்தில் எப்படிப் பொதிசெய்யப்பட்டது என்பதில் தங்கியிருக்கிறது.

பொதிசெய்யும் முறை மிக எளியது. துண்டான பகுதியைச் சுத்தமான சேலைன் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையொன்றில் இட்டு இறுகக் கட்ட வேண்டும்; பிறகு அந்தப் பையை ஐஸ்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். விரல் ஐஸில் நேரே படக்கூடாது. பட்டால் கலங்களுக்குள் இருக்கும் நீர் உறைந்து, பின்னர் எந்த நுணுக்குக்காட்டியாலும் மீட்க முடியாத அளவுக்குக் குழாயின் உட்சுவர் சிதையும். ஐஸ் கிடைப்பது இக்கரையோரத்தில் பிரச்சினையே அல்ல, மீன் விற்கும் இடமெல்லாம் ஐஸ் இருக்கிறது. மீனைப் போலவே விரலையும் அதற்குள் புதைத்துவிடுவதுதான் பிரச்சினை. உப்பிடுவது, மஞ்சள் பூசுவது, கடல்நீரிலோ ஸ்பிரிற்றிலோ ஊறவைப்பது எல்லாம் அதேயளவு தீங்கானவை. நசுங்கியிருக்கிறது, இனிப் பயனில்லை என்று அந்த இடத்திலேயே எறிந்துவிடுவதும் தவறு. பொருத்த முடியாத விரலிலிருந்துகூட இன்னொரு விரலுக்குத் தேவையான தோலையோ நரம்பையோ எடுக்கலாம். அந்தத் தீர்மானம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் எடுக்கப்பட வேண்டியது. காயம்பட்ட கைக்கு அழுத்தக் கட்டுப் போட்டு உயர்த்திப் பிடித்தபடி 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பதே அடுத்த வேலை. நெல் ஆலைகளிலும் மர ஆலைகளிலும் தீயணைப்பு வாளியைத் தொங்கவிடுவதுபோல இந்த நான்கு வரிகளை எழுதித் தொங்கவிட எந்த ஆராய்ச்சி நிதியும் தேவையில்லை.

துண்டான அவயவத்தை ஐஸில் வைப்பதற்குப் பதிலாக, அதன் நாடிக்குள் ஒட்சிசன் ஏற்றிய திரவத்தைப் பம்பினால் செலுத்தி உயிரோடு வைத்திருக்கும் ஆய்வுகள் பன்றிகளில் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. தசை நிறைந்த பெரிய அவயவங்களுக்கு ஆறு மணித்தியால எல்லையை நீட்டக்கூடியது இவ்வழியே. தூர இடங்களுக்கு இவ்வளவு பொருத்தமான ஆய்வு வேறில்லை. ஆனால் நாளாந்தப் பாவனைக்கு அது இன்னும் வரவில்லை.

இனி, குருதி எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வி. தோலுக்கு வரும் நாடிகளை 1889 இல் கார்ல் மன்சோற் என்ற யேர்மனிய மாணவர் வரைபடமாக்கியிருந்தும், சத்திரசிகிச்சையாளர்கள் நெடுங்காலம் தோலை அளவுகோலால் அளந்தே வெட்டினர்; அகலத்தைவிட நீளம் இத்தனை மடங்குக்குமேல் போகக்கூடாது என்பது சட்டமாக இருந்தது. 1987 இல் இயன் ரெய்லரும் பாமரும் இறந்த உடல்களின் நாடிகளில் ஈய ஒட்சைட்டுக் கலவையைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டியபோது அந்தச் சட்டம் பொருளற்றதாயிற்று. உடலின் ஆழத்திலிருந்து தசைகளை ஊடுருவியோ அவற்றின் இடைவெளியாலோ மேலெழுந்து தோலை அடையும் துளைநாடிகளில், அரை மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ளவை சராசரியாக 374 இருப்பதாக அவர்கள் கணக்கிட்டனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலப்பரப்பு உண்டு. அடுத்தடுத்த பரப்புகளுக்கு இடையே சுருங்கிய இணைப்புக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு வாய்க்கால் மூடப்பட்டால் அயல் வயலின் நீர் வரம்பு வாயால் மெல்ல மெல்ல இந்த வயலுக்கும் பாய்வதைப்போல, ஒரு துளைநாடியை வெட்டிவிட்டால் பக்கத்துப் பரப்பின் குருதி அந்த இணைப்புக் குழாய்களை விரித்துக்கொண்டு உள்ளே வரும். ஆனால் ஒரு பரப்புக்கு அப்பால் அது போய்ச் சேரும் என்று நம்ப முடியாது.

இதிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று இன்னும் நுண்மையை நோக்கியது. 1989 இல் யப்பானின் இசாவோ கொசிமா, வயிற்றுத் தசையை முழுமையாக விட்டுவிட்டு, அதன் வழியே வரும் துளைநாடியை மாத்திரம் பிரித்தெடுத்துத் தோலை மாற்றினார். அதன்பின் 0.3 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையான குழாய்களையும், திசுக்களின் திரவத்தை வடிக்கும் நிணக்குழாய்களையும் இணைக்கும் அதிநுண் சத்திரசிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வீங்கிப்போகும் கைக்கு அது இன்று உலகின் பல இடங்களில் செய்யப்படுகிறது.

மற்றப் பாதைதான் மாவட்ட வைத்தியசாலைகளுக்கு உரியது. அது ஏனோ குறைவாகவே பேசப்படுகிறது. துளைநாடி எங்கே மேலெழுகிறது என்பது தெரிந்துவிட்டால், தோலை உடலிலிருந்து முற்றாக அகற்றி வேறிடத்தில் தைக்க வேண்டியதே இல்லாமல் போகிறது. காயத்துக்கு அருகிலுள்ள தோலை ஒரேயொரு துளைநாடியில் தொங்கவிட்டு, அதை அச்சாகக் கொண்டு 180 பாகை வரை சுழற்றிக் காயத்தை மூடலாம். 1991 இல் யப்பானில் கியாகுசொக்கு விவரித்த சுழல்மடல் (மடல் என்பது தன் குருதியோட்டத்தோடு இடம்மாற்றப்படும் தோற்பகுதி) என்ற எண்ணம் பின்னர் இவ்வாறு விரிந்தது. 1992 இல் பிரான்சின் மஸ்கலே, கெண்டைக்காலின் பின்புறத் தோல் நரம்பைச் சூழ்ந்துவரும் சிறு நாடிகளை நம்பி, தோலையும் அதன் கீழ்ப் படையையும் தலைகீழாகத் திருப்பிக் குதிக்காலையும் கணுக்காலையும் மூடும் முறையைத் தந்தார். 2003 இல் மெல்பேணின் ஃபீலிக்ஸ் பீகன் காட்டிய வளைவுக்கல் வடிவ மடலுக்கு நாடியைத் தேடிப் பிரிக்கவே வேண்டியதில்லை. இவற்றுக்கு நுணுக்குக்காட்டி தேவைப்படாது. உருப்பெருக்கிக் கண்ணாடியும், நாடியின் ஓசையைக் கேட்கும் கையடக்க டொப்ளர் கருவியும், பழகிய கையும் போதும். கணைக்காலின் கீழ் மூன்றிலொரு பகுதியில் தசை குறைவு. எலும்பு வெளித்தெரிந்தால் வெறும் தோல் ஒட்டு அங்கே பிடிக்காது. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் அடிபடுவதும், நாகம் தீண்டி அழுகுவதும், நீரிழிவுப் புண் ஆறாமல் கிடப்பதும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் என்பதை நினைத்துப் பார்த்தால், நுணுக்குக்காட்டியின் ஆராய்ச்சி நமக்குத் தந்த பெரிய கொடை நுணுக்குக்காட்டி வேண்டாத சத்திரசிகிச்சைதான் என்று சொல்வதில் மிகையில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: நீரிழிவினாலும் புகைப்பழக்கத்தினாலும் நாடிகள் சுருங்கிய காலில் இம்மடல்கள் கருகிவிடும் வாய்ப்பு அதிகம், தகுந்தவரைத் தெரிந்தெடுப்பது வெட்டும் திறமையைவிட முக்கியமானது.

இங்கும் நேரம் குறுக்கிடுகிறது. சிலோவேனியாவின் மார்க்கோ கொடினா, 532 நோயாளிகளின் விபரங்களை 1986 இல் வெளியிட்டார். காயம்பட்ட 72 மணித்தியாலத்துக்குள் முழுமையாகத் துப்புரவாக்கி மடலால் மூடியவர்களில் மடல் தோல்வி 0.75 வீதம், தொற்று 1.5 வீதம். 72 மணித்தியாலத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் மூடியவர்களில் அவை முறையே 12 வீதமும் 17.5 வீதமும் ஆயின. பின்னாளில், காயத்தின் மேல் காற்றுப் புகாத உறையிட்டு மெல்லிய உறிஞ்சலைத் தொடர்ந்து கொடுக்கும் முறை வந்ததால், மாற்றல் தாமதமாகும் நோயாளிக்குச் சில நாட்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. அதை விடுதியிலுள்ள சாதாரண உறிஞ்சு கருவியைக்கொண்டும் ஒப்பேற்ற முடிகிறது. ஆனால் உறிஞ்சல் துப்புரவாக்கலுக்கு மாற்றீடு அல்ல. இறந்த தசையை விட்டுவைத்து மேலே உறையிட்டால், தொற்று உறைக்குள்ளேயே வளரும்.

தாடை மீளமைப்பில் நுணுக்குக்காட்டிக்கு மாற்று வழி குறைவு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டுவதை மரியாதையாகக் கொண்ட நம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் பேச்சும் சாப்பாடும் முகத்தோற்றமும் ஒருசேரக் குலையும். 1989 இல் நியூயோர்க்கின் டேவிட் ஹிடால்கோ, காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை அதன் நாடியோடு எடுத்து, பல துண்டுகளாக வெட்டித் தாடையின் வளைவுக்கு ஏற்ப மடித்துப் பொருத்தும் முறையை விவரித்தார். உடலின் பாரத்தைச் சுமப்பது உள்ளெலும்பே ஆகையால் நோயாளி பின்னர் நடக்கலாம். இன்று சீ.ரீ. ஸ்கானிலிருந்து தாடையின் மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து, எந்த இடத்தில் எத்தனை பாகையில் வெட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நேரம் குறைவதே இதன் பெரிய இலாபம்.

நரம்பு, குருதிக்குழாயைவிடப் பொறுமையானது என்று தோன்றும். உண்மையில் அதற்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வளரும். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தோளும் கழுத்தும் எதிரெதிரே இழுபட்டவரின் நரம்புகள் கழுத்தடியிலேயே அறுந்திருந்தால், அவை முழங்கைக்கு மேலுள்ள தசையை வந்தடைய ஓராண்டு ஆகலாம். நரம்பை இழந்த தசை ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் அதை ஏற்கும் தன்மையையே இழந்துவிடும். இந்த ஓட்டப்பந்தயத்தைச் சுருக்கும் வழியை 1994 இல் பிரான்சின் ஒபர்லின் கண்டார்: கைவிரல்களுக்குப் போகும், நன்றாக இயங்கும் அல்நார் நரம்பிலிருந்து ஓரிரு இழைக்கட்டுகளை மாத்திரம் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் வாயிலிலேயே கொண்டுபோய் இணைத்தார். கையின் வேலை கெடாமல் முழங்கை மடங்கத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் பெருகிய தாய்லாந்தில் சொம்சாக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதே தர்க்கத்தைத் தோளை உயர்த்தும் தசைக்கு விரித்தார். இதில் பயனடைய வேண்டுமானால் நோயாளி மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் நிபுணரைச் சந்திக்க வேண்டும். எலும்பு பொருந்திவிட்டது, கை தானாக வரும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு ஒன்றரை ஆண்டு காத்திருந்து வருபவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும்.

போரில் அவயவம் இழந்தவர்களுக்கு நரம்பு ஆராய்ச்சி இன்னொன்றையும் தந்திருக்கிறது. வெட்டுண்ட நரம்பின் முனை முடிச்சாக வளர்ந்து, செயற்கைக் கால் அதன்மேல் அழுத்தும்போது தாங்க முடியாத வலியைத் தருவதுண்டு. சிக்காக்கோவில் ரொட் குய்க்கனும் கிரெகரி டுமானியனும் 2002 இல், செயற்கைக் கையை இயக்கும் நோக்கத்தோடு அந்த முனைகளை அயல் தசைகளின் சிறு நரம்புகளோடு இணைத்தார்கள். போவதற்கு ஓரிடம் கிடைத்த நரம்பு முடிச்சிடுவதும் வலிப்பதும் குறைகிறது என்பது பின்னர் தெரியவந்தது. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் இன்றும் வலியோடு நடக்கும் பலருக்குப் பொருந்தக்கூடிய சிகிச்சை இது.

தீக்காயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். செயற்கைத் தோற்படைகள், நோயாளியின் சொந்தக் கலங்களைத் தெளிக்கும் முறை, அன்னாசியின் நொதியத்தால் கருகிய தோலை மட்டும் கரைக்கும் மருந்து என்று பல வந்துவிட்டன. அவற்றின் விலை அவற்றைத் தூரத்தே நிறுத்துகிறது. ஆழ்ந்த தீக்காயத்தை முதல் நாட்களிலேயே சீவியெடுத்துத் தோல் ஒட்டுப் போடுவது என்ற யான்செகோவிச்சின் 1970 ஆம் ஆண்டு முறை இன்றும் அடித்தளம். இந்நாட்டில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்தவர்கள் பலர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர கவிழாத, பாரமான சிறு கண்ணாடி விளக்கை உருவாக்கி 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றது, எந்தத் தோல் ஒட்டையும்விடப் பெரிய சேவை.

கை, முகமாற்றுகளைப் பொறுத்தவரை, 1998 இல் லியோனில் பொருத்தப்பட்ட கை 2001 இல் அகற்றப்பட்டது. மருந்தை நோயாளி ஒழுங்காகத் தொடராததே முதன்மைக் காரணம். 2015 இல் கொச்சியில் இரு கைகளும் மாற்றப்பட்டதோடு இச்சிகிச்சை நம் அயலுக்கும் வந்திருக்கிறது. சிக்கல் தைப்பதில் இல்லை. வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்திலும், அதன் தொற்று, சிறுநீரகப் பாதிப்புகளிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் உருவான மூசா என்ற சத்திரசிகிச்சை இயந்திரக்கை மனிதரின் நிணக்குழாய்களை இணைத்த முதல் ஆய்வு 2020 இல் வெளிவந்தது. கைநடுக்கத்தை அது வடிகட்டுகிறது. வேகத்தில் மனிதக் கைக்குப் பின்னால் நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகத் தைத்த பிறகும் ஒரு மடலோ விரலோ பிழைப்பது அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் தீர்மானமாகிறது. அடைப்புகளில் பெரும்பாலானவை அக்காலத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. அவற்றில் நாளத்தின் அடைப்பே கூடுதல். நாடி அடைத்தால் மடல் வெளிறிக் குளிரும். நாளம் அடைத்தால் அது நீலம் பாரித்து வீங்கும், விரலால் அழுத்தி விட்டால் நிறம் வழமையைவிட வேகமாகத் திரும்பும், ஊசியால் குத்தினால் கறுத்த குருதி வழியும். நாளத்தைச் சீர்செய்ய முடியாத சிறு விரல்களில் மருத்துவ அட்டையை விட்டுக் குருதியை வெளியேற்றும் பழைய முறைக்கு 2004 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. வயலில் காலைப் பிடிக்கும் அட்டையை இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள், வளர்ப்பு அட்டையை விடும்போதே நோயாளிக்கு முற்காப்பாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்படுவதை அறிந்திருக்க வேண்டும். அடைப்பு உடனே கண்டுபிடிக்கப்பட்டு நோயாளி மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனால் மடல்களில் பெரும்பகுதி மீட்கப்படுகிறது. சில மணித்தியாலம் பிந்தினால் நுண்குழாய்களுக்குள்ளும் குருதி உறைந்து, தையலைத் திறந்தாலும் ஓட்டம் திரும்புவதில்லை. ஆகவே கிழக்கில் இப்படியொரு அலகை நிறுவுவதைப் பற்றிப் பேசுபவர்கள் நுணுக்குக்காட்டியின் விலையைக் கணக்கிடுவதற்கு முன்னர், இரவு இரண்டு மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் மடலின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும், மாறினால் நேரே நிபுணரை எழுப்பவும் அதிகாரமும் பயிற்சியும் பெற்ற தாதியர் எத்தனைபேர் விடுதியில் இருப்பார்கள் என்பதைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.